விடை தெரியாத இழப்பும் உறவுகளின் கடமையும்

(இத்தாலி, பலெர்மோ நகரில் தமிழ் உறவுகள் மத்தியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வியட்நாம் போரிற் காணாமற்போன அமெரிக்கப் படையினரின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தவர் குடும்ப உளச்சிகிச்சையாளர் போலின் பொஸ். அக்குடும்பங்களின் துயருக்கு அவர் இட்ட பெயர் ‘தெளிவற்ற இழப்பு’. உடலும் இல்லை, ஈமக்கிரியையும் இல்லை. ஆதலால் துயருக்கு முடிவும் இல்லை.

2009 மே மாதத்தில் வன்னியிற் பிள்ளைகளைத் தொலைத்த எமது தாய்மார் சுமப்பதும் இதனையே. அவர்களுள் பலர் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் அமர்ந்து கேட்டது ஒரு பதிலையே. பொட்டிடுவதா, திவசம் கொடுப்பதா என்று அறியாத மனைவியரும் உளர்.

இத்தகையோருக்குத் துணைநிற்கும் உளவளத்துணையாளர், “இறந்துவிட்டார், மறந்துவிடுங்கள்” என்று கூறலாகாது. “நிச்சயம் வருவார்” என்றும் கூறலாகாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற இரண்டையும் ஒருங்கே தாங்கி வாழ உதவுவதே அவர் பணி. ஒரே வீட்டில் தாய் நம்புவாள், மகன் நம்பமாட்டான். இருவரையும் ஒரே முடிவுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை; ஒருவர் மொழியை மற்றவர் கேட்டாற் போதும்.

இங்கு ஓர் ஆபத்து உண்டு. இத்தாலிய மருத்துவரிடம் தாயின் துயரை மொழிபெயர்ப்பது பெரும்பாலும் அவளது பிள்ளையே. அப்பாரம் பிஞ்சுத் தோள்களுக்கு உரியதன்று. மொழியறிந்த பெரியவர் ஒருவர் உடன் செல்லட்டும்.

சைவரும் கத்தோலிக்கருமாக எம்மவர் புனித ரொசாலியாவை நாடிப் பெல்லெகிரினோ மலையேறுகின்றனர். அவ்வழியில் மௌனமாக நடக்கும் தாயோடு சேர்ந்து நடவுங்கள். ஆற்றுப்படுத்தல் அங்கேயே தொடங்குகின்றது.