நிலைக்காந்தம்: எவ்வளவு நிலை?

(அருப்புக்கோட்டை வட்டாரக் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பள்ளி அலமாரிகளில் சட்டக்காந்தம் இருக்கிறது, குண்டூசியைத்தான் தூக்குவதில்லை. கேட்டால், "நம்ம ஊரு வெயிலுக்குக் காந்தம் செத்துப்போச்சு" என்கிறோம். நானும் பல வருடம் அப்படிச் சொன்னவன்தான்.

வெயிலுக்கு அவ்வளவு வலு இல்லை. ஃபெர்ரோ காந்தத்தன்மை மறைந்துபோகும் வெப்பநிலையைக் கியூரி வெப்பநிலை என்கிறோம். இரும்புக்கு அது 770 டிகிரி செல்சியஸ். ஒலிபெருக்கியில் இருக்கும் கருப்பு ஃபெரைட் வளையத்துக்குச் சுமார் 450. திருச்சுழியில் சித்திரை வெயில் 40-ஐத் தொட்டாலும் இவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

காரணத்தை, நாம் மேல்நிலை வகுப்பில் மனப்பாடம் செய்யவைக்கும் இரண்டு சொற்களில் தேடவேண்டும். காந்தமாக்கும் புலத்தை விலக்கிய பிறகும் பொருளில் தங்கும் காந்தம், தேக்குத்திறன். அதைச் சுழியாக்கத் தேவைப்படும் எதிர்ப்புலம், நீக்குத்திறன். நம் மண்ணை வைத்துச் சொல்லிப் பாருங்கள். மழை விட்டபின் நிலத்தில் நிற்கும் ஈரம் முன்னது. அந்த ஈரம் போக எவ்வளவு காயவேண்டும் என்பது பின்னது. தேனிரும்பு மணல்தரை மாதிரி. நன்றாக நனையும், மறுநாளே காய்ந்துவிடும். எஃகு கொஞ்சம் தாங்கும். ஃபெரைட் கரிசல். எஃகைவிடக் குறைவாகத்தான் தேக்கும். ஆனால் எளிதில் விடாது. (உவமையில் காய்வது எதிர்ப்புலத்தால். பிள்ளைகள் வெப்பம் என்று எடுத்துக்கொள்வார்கள், கவனம்.)

அந்த எதிர்ப்புலம் எங்கிருந்து வருகிறது? காந்தத்தின் சொந்தத் துருவங்களே அதன் உடலுக்குள் அதை உண்டாக்குகின்றன. துருவங்கள் நெருங்கினால் அது கூடும். எஃகுக் காந்தத்தை நீளமாகச் செய்வதும், ஃபெரைட்டைத் தட்டை வளையமாகச் செய்ய முடிவதும் இதனால்தான். நாமோ இரண்டு சட்டங்களை வடக்கோடு வடக்கு சேர்த்துப் பெட்டியில் திணிக்கிறோம். பிள்ளைகள் கீழே போடுகிறார்கள். எதிரெதிர்த் துருவங்கள் பக்கத்தில் வரும்படி, நடுவில் மரத்துண்டு, இரு முனையிலும் தேனிரும்புத் துண்டு வைத்தால் பல வருடம் உழைக்கும்.

செத்த சட்டத்தை எழுப்பவும் முடியும். வலுவான காந்தத்தின் வடதுருவத்தால் ஒரே திசையில் முப்பது நாற்பது தடவை தேயுங்கள். தேய்த்து முடியும் முனை தென்துருவமாகும். அது பழைய சிவப்பு வர்ண முனையாகவும் இருந்துவிடலாம். ஆகவே வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் நூலில் தொங்கவிட்டு, எந்த முனை வடக்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.