மார்மன் வேதத்தின் தேசம் எங்கே?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அமெரிக்காவைச் சேர்ந்தது. "அமெரிக்காக்காரன் வேதத்தைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். உள்ளூர் விவகாரமானால் சொல்பவனுக்கும் கேட்பவனுக்கும் முதலிலேயே ஆத்திரம் வந்துவிடுகின்றது. அயலார் விவகாரத்தில் நமக்கு விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஆகவே ஒரு விஷயத்தை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று பழகிக்கொள்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகின்றேன். 1805-இல் அமெரிக்காவில் ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தவர் ஜோசப் ஸ்மித். நியூயார்க் மாகாணத்தில் ஒரு குன்றில் தங்கத் தகடுகள் புதைந்திருப்பதைத் தேவதூதன் ஒருவன் தமக்குக் காட்டினான் என்றும், 1827-இல் அவற்றைத் தாம் எடுத்துத் தெய்வ சகாயத்தால் மொழிபெயர்த்ததாகவும் இவர் சொன்னார். அந்த மொழிபெயர்ப்பு 1830-இல் அச்சாயிற்று. அதுதான் மார்மன் புஸ்தகம். பதினொரு பேர் தகடுகளைப் பார்த்ததாகக் கையெழுத்திட்டிருக்கின்றார்கள். நாமும் பார்க்கலாமா என்றால், தேவதூதன் அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டானாம்!

புஸ்தகத்தின் சாரம் இது. கி.மு. 600 வாக்கில் லேகி என்பவர் ஜெருசலேமை விட்டுக் குடும்பத்தோடு கப்பலேறி ஒரு புதிய தேசத்தை அடைந்தார். அவர் சந்ததியார் நேபியர் என்றும் லாமானியர் என்றும் இரண்டு கூட்டமானார்கள். நேபியர் நகரங்கள் கட்டினார்கள். குதிரை, ரதம், எஃகு, கோதுமை எல்லாம் அங்கே இருந்தன. சாரகெம்லா என்று ஒரு பெருநகரம். சீதோன் என்று ஓர் ஆறு. வடதேசத்துக்கும் தென்தேசத்துக்கும் நடுவில் ஒரு குறுகிய நிலம். கி.பி. 385 வாக்கில் குமோரா என்ற குன்றடியில் நடந்த கடைசி யுத்தத்தில் நேபியர் 2,30,000 பேர் மாண்டார்கள். தப்பிய மரோனி என்பவன் தகடுகளைப் புதைத்தான். பிற்காலத்தில் தேவதூதனாய் ஸ்மித்துக்குத் தோன்றியவனும் அவன்தான்.

நிற்க. இத்தனை நகரங்கள், இத்தனை யுத்தங்கள் இருந்தால் அவை பூமியில் எங்கேயாவது இருந்திருக்க வேண்டும் அல்லவா? எங்கே? இந்தக் கேள்விக்கு அந்த மதத்தார் ஏறக்குறைய 200 வருஷங்களாகப் பதில் தேடி வருகின்றார்கள்.

முதல் கட்சியார் இரண்டு அமெரிக்காக் கண்டங்களும் அந்தத் தேசம்தான் என்றார்கள். லேகி இறங்கியது சிலி நாட்டுக் கரை, சீதோன் ஆறு கொலம்பியாவில் உள்ள மாக்தலேனா ஆறு என்று 1879-ஆம் வருஷத்துப் பதிப்பில் அடிக்குறிப்பே போட்டார்கள். ஆனால் புஸ்தகத்திலோ ஜனங்கள் ஊருக்கு ஊர் சில நாட்களில் நடந்து போகின்றார்கள். ஆயிரக்கணக்கான மைல் நீளமுள்ள கண்டங்களில் இது எப்படி முடியும்? 1920 பதிப்பில் அடிக்குறிப்புகள் மறைந்துவிட்டன.

இரண்டாவது கட்சியார் மத்திய அமெரிக்காவைக் காட்டுகின்றார்கள். 1841-இல் ஸ்டீபன்ஸ் என்ற யாத்திரிகர் மாயா ஜனங்களின் பாழடைந்த நகரங்களைப் பற்றி எழுதிய புஸ்தகம் வெளிவந்தது. மறுவருஷமே மார்மன் சபையின் பத்திரிகை சாரகெம்லா அந்தப் பக்கத்தில்தான் இருந்தது என்று எழுதிவிட்டது. பிற்காலத்தில் சோரன்சன் என்ற மார்மன் பண்டிதர் 1985-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். மெக்ஸிகோவிலுள்ள தெவாந்தெபெக் என்ற இடுப்புப் போன்ற நிலந்தான் குறுகிய நிலம் என்பது அவர் கட்சி. அந்த நிலத்தின் அகலம் சுமார் 125 மைல். புஸ்தகமோ ஒரு நேபியன் அதை ஒன்றரை நாளில் கடந்துவிடலாம் என்கின்றது. மேலும் அங்கே கடல் வடக்கிலும் தெற்கிலும் இருக்கின்றது; புஸ்தகப்படி கிழக்கிலும் மேற்கிலும் இருக்க வேண்டும். இதற்கு என்ன சமாதானம் தெரியுமா? நேபியரின் "வடக்கு" நம்முடைய வடக்கு அல்லவாம்! குன்றுக்கும் ஒரு சமாதானம் உண்டு. தகடுகள் அகப்பட்டது நியூயார்க்கில். யுத்தம் நடந்த குமோரா மெக்ஸிகோவில். இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 2,000 மைல்.

மூன்றாவது கட்சியார், "தகடு கிடைத்த குன்று ஒன்றுதான் குமோரா, தேசம் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குள்ளேயே இருக்கின்றது" என்கின்றார்கள். 1834-இல் இல்லினாய்ஸ் மாகாணத்தில் ஒரு மண்மேட்டில் கிடைத்த எலும்பைப் பார்த்து ஸ்மித்தே, "இவன் செல்ப் என்ற வெள்ளை லாமானியன்" என்றாராம். ஒஹையோவிலுள்ள பழைய மண்மேடுகளையும் இவர்கள் சாட்சிக்கு அழைக்கின்றார்கள். ஆனால் இரண்டு லட்சம் பேர் மாண்டதாகச் சொல்லும் அந்தக் குன்றடியில் அப்படிப்பட்ட யுத்தத்தின் அடையாளம் எதுவும் அகப்படவில்லை.

இன்னும் பெரு நாடு என்பவர் உண்டு. கலிபோர்னியாத் தீபகற்பம் என்பவர் உண்டு. நம்மவர்கள் ரப்பர் தோட்டத்துக்குப் போன மலாய் நாடே அது என்று சொன்னவரும் உண்டு!

தோழர்களே! இந்த விவாதத்தில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். மெக்ஸிகோக் கட்சியார் ஒஹையோக் கட்சியை மறுக்கும்போது சொல்லுகின்ற காரணங்கள் நல்ல காரணங்கள். ஒஹையோக் கட்சியார் மெக்ஸிகோக் கட்சியை மறுப்பதும் நல்ல காரணங்களைக் கொண்டுதான். நாம் செய்ய வேண்டியதெல்லாம் இரண்டு பேருடைய மறுப்பையும் ஒப்புக்கொள்வது ஒன்றே! சபையும் 2019-இல், அது பழைய அமெரிக்காவில் நடந்தது என்பதற்குமேல் எந்த இடத்தையும் தாங்கள் சொல்லுவதில்லை என்று அறிவித்துவிட்டது.

இதில் யோக்கியமாய் நடந்துகொண்ட ஒருவரைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். தாமஸ் பெர்குசன் என்ற வக்கீல் உறுதியான மார்மன். மண்ணைத் தோண்டினால் வேதம் நிரூபணமாகிவிடும் என்று நம்பி 1952-இல் ஒரு புதைபொருள் ஆராய்ச்சி ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். பிறகு சபையும் பணம் கொடுத்தது. மெக்ஸிகோவில் சியாபாஸ் பகுதியில் நன்றாகவே தோண்டினார்கள். அந்த நாட்டுப் பழைய சரித்திரத்துக்கு உபயோகமான சங்கதிகள் பல கிடைத்தன. ஆனால் புஸ்தகத்தில் சொன்ன கோதுமை, குதிரை, எஃகு என்ற ஜாபிதாவை வைத்துக்கொண்டு அவர் தேடியது மட்டும் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் ஆதியிலிருந்த குதிரை இனம் சுமார் 10,000 வருஷங்களுக்கு முன்பே அற்றுப்போயிற்று; மறுபடி குதிரையைக் கொண்டுவந்தவர் ஸ்பானியர். பெர்குசன் 1975-இல் இந்தக் குறைகளையெல்லாம் வரிசையாக எழுதித் தம் மதத்தார் முன்பே வைத்தார். தோண்டியும் கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? குதிரை என்றால் குதிரையல்ல, மான் அல்லது வேறொரு மிருகம் என்று வியாக்கியானம் செய்யப் பண்டிதர்கள் இருக்கும்போது அவர் அப்படிச் செய்யவில்லை.

"இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? நம்புகிறவன் நம்பிவிட்டுப் போகட்டுமே" என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு, அது நம்புகிறவனுக்கு மட்டுமல்ல. அமெரிக்காவின் ஆதிக்குடிகளை, அதாவது செவ்விந்தியர் என்று நாம் படித்தவர்களை, லாமானியரின் சந்ததி என்றார்கள். லாமானியர் தெய்வ சாபத்தால் தோல் கறுத்துப் போனவர்கள் என்று புஸ்தகம் சொல்லுகின்றது! அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் பலரும், அந்தப் பெரிய மண்மேடுகளைக் கட்டியது செவ்விந்தியர் அல்ல, அழிந்துபோன வேறு உயர்ந்த ஜாதியார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். புஸ்தகம் அச்சான அதே 1830-இல்தான், ஆதிக்குடிகளை மிஸிஸிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்த அமெரிக்க சர்க்கார் சட்டம் செய்தது. பாட்டன் கட்டியதை வேறொருவன் கட்டினான் என்று சொல்லிவிட்டால், பேரனைத் துரத்துவது எவ்வளவு சுலபமாகிவிடுகின்றது! சைரஸ் தாமஸ் என்பவர் ஆராய்ந்து, மேடுகளைக் கட்டியவர்கள் ஆதிக்குடிகளின் முன்னோர்களே என்று 1894-இல் விவரமான அறிக்கை வெளியிட்டார்.

1947 முதல் சுமார் 50 வருஷ காலம் ஆயிரக்கணக்கான ஆதிக்குடிப் பிள்ளைகளை மார்மன் வீடுகளில் படிக்க வைத்தார்கள். அப்படி வளர்ந்த பிள்ளைகளின் நிறம் வெளுத்து வருகின்றது என்று, பிற்காலத்தில் சபைத் தலைவரான கிம்பால் 1960-இல் மகாநாட்டிலேயே சந்தோஷப்பட்டுப் பேசினார். பெற்ற தாயின் நிறம் சாபம் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கொடுமை உண்டா?

பிறகு ரத்தசம்பந்தத்தைக் காட்டும் மரபணு ஆராய்ச்சி வந்தது. ஆதிக்குடிகளின் முன்னோர் ஆசியாவின் வடகிழக்கிலிருந்து பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே சென்றவர்கள் என்று அது காட்டிற்று. லாமானியரே செவ்விந்தியரின் "முக்கியமான முன்னோர்" என்றிருந்த முன்னுரை, 2006-இல் "முன்னோர்களில் சேர்ந்தவர்" என்று மாறிற்று. கருநிறம் சாபத்தின் அடையாளம் என்ற கொள்கையையும் 2013-இல் சபை மறுத்துவிட்டது. மறுத்தது நல்லதுதான். ஆனால் அந்த நல்லறிவு தகட்டிலிருந்து வந்ததா, தகட்டைச் சோதித்த மனிதனிடமிருந்து வந்ததா என்பதை யோசியுங்கள்.

ஒரு கதையில் வரும் ஊர் நிஜமாய் இருப்பதாலேயே கதை நடந்ததாகிவிடாது. ஊரே இல்லையென்றால் கேட்கவேண்டியதில்லை. ஆகவே, எங்கே நடந்தது என்று எவராவது உங்களிடம் படம் விரித்துக் காட்டினால், நடந்ததா என்று முதலில் கேளுங்கள். அதற்குமேல், "எது கிடைக்காவிட்டால் இது பொய் என்று ஒப்புக்கொள்வீர்?" என்றும் கேளுங்கள். பெர்குசன் அந்தக் கேள்வியைத் தம்மையே கேட்டுக்கொண்டார். நீங்களும் எந்த வேதத்தின் முன்னும் அவ்விதமே கேட்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்கின்றேன்.