கூர்மதியினர்க்கு ஒரு கூடுதற் கல்வி



தந்த கணக்கைப் பிறர்க்கு முன்னரே முடித்துவிட்டு வாளா இருக்கும் மாணவனுக்கு என் செய்வது? கத்தோலிக்கப் பள்ளிகள் பல நடத்திய இயேசு சபையார், 1599-இல் வெளியிட்ட கல்வி விதிகளில் இத்தகையோர்க்கு வழி வகுத்தனர். மேலும் கற்க விழைவோர் கூடும் கழகங்களை அமைத்தனர். அகாதெமி என்பது அவற்றின் பெயர். அங்கே ஒருவர் படித்ததை எடுத்துரைப்பார். ஏனையோர் வினாத் தொடுப்பர்.

உரோமைக் கல்லூரியில் கிளாவியுஸ் என்னும் பேராசிரியர், தேர்ந்த சிலர்க்கு உயர் கணிதம் பயிற்றினார். அவரிடம் பயின்ற மத்தேயோ ரிச்சி சீனம் சென்றார். அந்நாட்டறிஞர் சூ குவாங்சியோடு சேர்ந்து, யூக்ளிடின் வடிவியல் நூலில் முதல் ஆறு பகுதிகளை 1607-இல் சீன மொழியில் தந்தார்.

கூடுதற் கல்வியின் பயன் இதுவே என்பேன்: ஒருவர் பெற்றது பலர்க்கும் உரியதாதல். முதலில் முடிப்பவர் நீங்களாயின், அருகில் திணறும் தோழர்க்கு விளக்கிப் பாருங்கள். அவர் கேட்கும் வினாவில் உங்கள் அறிவின் ஆழம் தெரியும்.