ரவிக்கைத் துண்டின் பயணம்



வரலட்சுமி நோன்பு நாள் சாயங்காலம் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எந்தக் குறுக்குத் தெருவில் நடந்தாலும் ஒரே காட்சிதான். பட்டுப்புடவை கட்டிய பெண்கள் ஒரு வீட்டுப் படி இறங்கி அடுத்த வீட்டுப் படி ஏறுகிறார்கள். கையில் ஒரு பை. அதற்குள் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், சுண்டல் பொட்டலம். எல்லாவற்றுக்கும் அடியில் நான்காக மடித்த ஒரு ரவிக்கைத் துண்டு. கன்னடக்காரர் வீட்டில் இதற்கு ‘அரிசின குங்கும’ என்று பெயர், தமிழர் வீட்டில் மஞ்சள் குங்குமம். பெயர்தான் வேறு, துண்டு ஒன்றுதான். சில சமயம் நிஜமாகவே அதே துண்டுதான். எட்டாவது கிராஸில் புறப்பட்ட கிளிப்பச்சைத் துண்டு பதினோராவது கிராஸுக்குப் போய், அங்கிருந்து பதினைந்தாவது கிராஸுக்குப் போய், நவராத்திரி முடிவதற்குள் புறப்பட்ட வீட்டுக்கே திரும்பிவிடும் என்பது இந்தப் பேட்டையின் பழைய வேடிக்கை. அதை யாரும் தைத்துப் போட்டுக்கொள்வதில்லை. நிறம் ஒத்துவராது, இல்லையென்றால் அளவு போதாது. வாங்குகிறவருக்கு அது தெரியும். கொடுக்கிறவருக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

இந்தச் சுற்றை எங்கேயோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் நிறுத்துகிறார். கத்தரிக்கோலைத் தேடி எடுக்கிறார். இந்த உரை அவரைப் போன்றவர்களைப் பற்றியது.

மல்லேஸ்வரம், 1898இல் பெங்களூரைப் பிளேக் நோய் உலுக்கிய பிறகு, நெரிசலான பழைய பேட்டையை விட்டு ஜனங்கள் காற்றோட்டம் தேடி வந்து நிறைந்த இடம். தெருக்களுக்கு மரங்களின் பெயர் வைத்தார்கள். சம்பிகே ரோடு என்றால் சண்பகம், மார்கோசா ரோடு என்றால் வேம்பு. இன்று சம்பிகே ரோட்டில் சண்பக வாசனையைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. ஃபால்ஸ் தைக்கவும் பிக்கோ அடிக்கவும் லைனிங் துணி எடுக்கவும் போகிறவர்கள்தான் அதிகம். ‘மேட்சிங் சென்டர்’ என்ற பலகை தொங்கும் கடைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். சுவர் முழுக்க ஒரே மஞ்சளில் இருபது மஞ்சள். வாடிக்கையாளர் புடவைத் தலைப்பை விரித்துக் காட்டுவார். கடைக்காரர் ஒரு கட்டை உருவிப் போடுவார். இரண்டையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, ‘இன்னும் கொஞ்சம் சிவப்பு ஓடணும்’ என்பார் அந்த அம்மாள். ஓவியப் பள்ளிக்கூடம் எதற்கும் போகாதவர் அவர். ஆனால் மஞ்சளுக்குள் சிவப்பு ஓடுவதைக் கண்டுபிடிக்கத் தெரிகிறது. நம் ஊரில் படைப்பாற்றல் என்ற பெரிய வார்த்தையைக் கவிஞர்களுக்கும் ஓவியர்களுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டோம். தெருமுனைக் கடை வாசலில் நடப்பதற்குப் பெயரே வைக்கவில்லை.

கொலு வைக்கும் வீடுகளில் இந்தக் கண் இன்னும் கூர்மையாக வேலை செய்யும். நம் மரப்பாச்சிக்குக் கன்னடத்தில் ‘பட்டத கொம்பெ’ என்று பெயர். கல்யாணத்தில் பெண்ணுக்கு ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி மரப்பொம்மை கொடுத்தனுப்புவார்கள். ஒவ்வொரு நவராத்திரிக்கும் அதற்குப் புதுத் துணி உடுத்த வேண்டும். கேட்க எளிது. ஒரு சாண் உயரப் பொம்மைக்கு நாலு விரல் அகல ஜரிகையை வைத்துத் தைத்தால், பொம்மை புடவைக்குள் காணாமல் போய்விடும். அதனால் கிழிந்த பட்டுப்புடவையின் உடலுக்குள் ஓடும் ஒற்றைக் கோட்டு ஜரிகையைத் தேடி எடுத்துக் கரையாக வைக்கிறார்கள். கொசுவம் பிடிப்பதற்கு ஊசி பயன்படாது, பசைதான். அங்கவஸ்திரத்துக்கு அப்பாவின் பழைய வேட்டிக் கரை. எந்தப் புத்தகமும் இதைச் சொல்லித் தருவதில்லை. போன வருஷம் செய்த தப்பு இந்த வருஷம் சொல்லித் தருகிறது.

அதே பேட்டையில் கைவேலை காசாகவும் மாறுகிறது. பட்டுப்புடவையின் முந்தானை ஓரத்தில் பாவு நூல்கள் பிசிறாகத் தொங்கும். முன்பெல்லாம் வீட்டிலேயே அவற்றைக் கற்றை கற்றையாகப் பிரித்து முடிச்சுப் போட்டுவிடுவார்கள். பெங்களூரில் அது தனிக் கலையாகிவிட்டது. ‘குச்சு’ என்கிறார்கள். தமிழில் குஞ்சம். புடவையின் நிறத்தில் பட்டுநூல் எடுத்து, கற்றைகளோடு சேர்த்து, மணி கோத்து, குரோஷா ஊசியால் வலைபோலப் பின்னி இறக்குகிறார்கள். சமையல் முடிந்து பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்வரை உள்ள மதிய நேரத்தில், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து புடவையைக் கனமான எதன் அடியிலாவது நெருக்கி வைத்துக்கொண்டு பல பெண்கள் செய்யும் வேலை இது. கூலி, முடிச்சுக்கும் மணிக்கும் வரிசைக்கும் தகுந்தபடி. மாதிரிப் படங்கள் செல்பேசியில் வந்து குவிகின்றன. ஆனாலும் கல்யாணப் புடவை கொண்டுவரும் வாடிக்கையாளர், ‘இதே மாதிரி, ஆனால் இதே மாதிரி வேண்டாம்’ என்பார். அந்த ‘ஆனால்’ இருக்கும்வரை அவர்களுக்கு வேலை இருக்கும்.

இனி ஒட்டுத் துணிக்கு வருவோம். உண்மையில் ரவிக்கைத் துண்டு போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

வட கர்நாடகத்தில் பழந்துணிகளை அடுக்கிக் கையால் ஓட்டுத் தையல் போட்டு உருவாக்கும் போர்வைக்கு ‘கௌதி’ என்று பெயர். உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாபுர, ஹளியாள், முண்டகோடு பகுதிகளில் வாழும் சித்தி மக்களிடம் இது வேறோர் உருவம் எடுத்தது. சித்திகள் ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள். போர்த்துகீசியர் காலத்தில் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, தப்பி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குள் புகுந்தவர்களின் வம்சமும் அவர்களில் உண்டு. அவர்களுடைய பெண்கள் தைக்கும் போர்வை ‘கவந்த்’. தைக்கும் முறையே தனி. தரையில் ஒரு பழைய பருத்திப் புடவையை விரித்து, ஒரு மூலையில் தொடங்குவார்கள். ஓரத்தை ஒட்டியே துண்டு துண்டாக வைத்துத் தைத்துக்கொண்டு நான்கு பக்கமும் சுற்றி வருவார்கள். ஒரு சுற்று முடிந்ததும் அதற்கு உட்புறம் அடுத்த சுற்று. இப்படிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்தால் போர்வை முடிந்தது. முன்கூட்டிப் போட்ட வரைபடம் கிடையாது. சிவப்புக்குப் பக்கத்தில் எது என்பதைக் கையில் அப்போது கிடைத்த கந்தல்தான் தீர்மானிக்கிறது. பாதி அது தீர்மானிக்கிறது, மீதியை அந்தப் பெண். கடைசியில் நான்கு மூலையிலும் சின்ன முக்கோணங்களை மடித்து வைப்பார்கள். அவற்றுக்குப் பெயர் ‘பூல’, அதாவது பூ. பூ வைக்காத போர்வை, அவர்கள் கணக்கில் முடியாத போர்வை. கிறிஸ்தவச் சித்திகள் சிலுவையையும் முஸ்லிம் சித்திகள் பிறையையும் இடையில் தைப்பதுண்டு.

ஹென்றி ட்ரூவல் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் இந்தப் போர்வைகளைக் கண்டு வியந்து, 2004இல் சித்திப் பெண்கள் ஒரு கூட்டுறவு அமைப்பைத் தொடங்கத் துணை நின்றார். மழைக்கால ராத்திரியில் குழந்தைகளைப் போர்த்தியிருந்தவை பிறகு வெளிநாட்டுக் காட்சிக்கூடச் சுவர்களில் தொங்கின. இதற்குக் கடல் தாண்டி ஒரு சகோதரிக் கதை உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவில் இருக்கும் ஜீஸ் பெண்ட் என்ற கறுப்பின மக்களின் சிற்றூர். அங்கே மிசூரி பெட்வே என்ற பெண்மணி 1942இல், இறந்துபோன கணவரின் வேலைத் துணிகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும் குளிருக்குப் போர்த்திக்கொள்ளவும். 2002இல் அந்த ஊர்ப் போர்வைகள் ஹூஸ்டன் நகரிலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் வைக்கப்பட்டபோது நவீன ஓவியங்களுக்கு நிகராகப் பேசப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றைத் தபால் தலைகளாக வெளியிட்டது.

தமிழர்களுக்கு இந்த ஒட்டுத் துணியோடு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. பொருநராற்றுப்படையில் வரும் பொருநன், வேர்வையில் நனைந்து, வேற்று நூல் நுழைந்து தைத்த கந்தலைத்தான் உடுத்தியிருக்கிறான். கரிகாலன் முதலில் செய்த காரியம் அதைக் களைந்துவிட்டு, இழை போன வழி தெரியாத நுண்ணிய ஆடையைக் கொடுத்தது. அங்கே ஒட்டு என்றால் வறுமை. ஆனால் அதே ஒட்டு கோயிலுக்குள் போனால் கௌரவம் பெற்றுவிடுகிறது. தஞ்சை, கும்பகோணம் பக்கத்துத் தேர்ச்சீலைகளையும் உருளை வடிவில் தொங்கும் தொம்பைகளையும் பாருங்கள். சிவப்பிலும் வெள்ளையிலும் கறுப்பிலும் துணியை வெட்டி ஒட்டித் தைத்த யாளியும் தாமரையும்தான் அவை. தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில் வளர்ந்த கலை என்பார்கள். தஞ்சையில் மராட்டிய ஆட்சியைத் தொடங்கிய வெங்கோஜியின் 1669ஆம் ஆண்டுக் கல்வெட்டு எங்கே இருக்கிறது தெரியுமா? மல்லேஸ்வரத்துக்குப் பெயர் தந்த காடு மல்லேஸ்வரர் கோயிலில். தஞ்சைக்குப் போகுமுன் அவர் இந்தப் பக்கம்தான் இருந்தார்.

கர்நாடகத்தின் ‘கசூதி’ பூத்தையல் வேலையைச் சொல்லாமல் விட்டால் தார்வாடுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். கவந்தி, முர்கி, நெய்கெ, மெந்தெ என்று அதில் நான்கு தையல். மெந்தெ என்றால் வெந்தயம். நெய்கெ என்பது நம் நெய்தல்தான், துணியில் நெய்ததுபோலத் தோன்றும் தையல். முடிச்சே போடாமல், இழைகளை எண்ணியெண்ணிக் கோபுரமும் தேரும் துளசி மாடமும் இழைப்பார்கள். கவந்தியில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோல இருக்கும். கடையில் கசூதி என்று சொல்லி எதையாவது நீட்டினால் துணியைத் திருப்பிப் பாருங்கள், மீதியைப் பின்பக்கம் சொல்லிவிடும். சண்டூரின் லம்பாணி சமூகப் பெண்களோ கண்ணாடியும் சோழியும் ஒட்டுத் துணியும் கலந்து தைப்பவர்கள். 2023 ஜூலையில் ஹம்பியில் நடந்த ஜி20 பண்பாட்டுக் கூட்டத்தில், 450க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்து செய்த 1,755 பொருள்களைக் காட்சிக்கு வைத்து அவர்கள் கின்னஸ் சாதனை படைத்தார்கள்.

தையல் இயந்திரம் வந்தால் இதெல்லாம் போய்விடும் என்றுதான் நினைத்திருக்க வேண்டும். ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்றது 1851இல். இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தியே 1924இல் ராமச்சந்திரன் என்ற மாணவரிடம் பேசும்போது, சிங்கர் இயந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைப்பதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்று காந்தி நம்பினார். பல குடும்பங்களும் இருபதுக்கு மேல் பிள்ளைகளுமாக வாழ்ந்த சிங்கரின் சரித்திரத்தைப் படித்தவர்களுக்கு அந்த இடத்தில் சிரிப்பு வரும். ஆனால் விஷயம் என்னவோ சரிதான். இயந்திரம் கட்டாயத் தையலை வாங்கிக்கொண்டது. கையில் மிஞ்சியது, தைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத் தைக்கும் தையல்.

மல்லேஸ்வரத்து வீட்டில் சுற்றை நிறுத்திய அந்த அம்மாள் ஐந்தாறு வருஷத்து ரவிக்கைத் துண்டுகளைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறார். சதுரமாக வெட்டி, தையற்கடையில் கேட்டு வாங்கிய ஓரத் துணிகளையும் சேர்த்து, பழைய நூல் புடவையை அடியில் வைத்துப் பேரனுக்கு ஒரு போர்வை தைத்துவிட்டார். கிளிப்பச்சை நடுவில் நன்றாக எடுப்பாக உட்கார்ந்திருக்கிறது. அடுத்த வருஷ நோன்புக்குத் தாம்பூலம் வாங்க வந்த எட்டாவது கிராஸ் மாமி, சோபாவில் கிடக்கும் போர்வையை ஒரு நிமிஷம் உற்றுப் பார்க்கிறார். விரலால் தொட்டும் பார்க்கிறார்.

“ஏண்டி, இந்தப் பச்சையை நான் எங்கேயோ பார்த்திருக்கேனே?”

“நீங்க கொடுத்ததுதான் மாமி. உட்காருங்கோ, காபி கொண்டுவரேன்.”