தூண் சுமக்கும், சுவர் மறைக்கும்



அலோர்ஸ்டாருக்குப் போகிறவர்கள் ஜாஹிர் பள்ளிவாசலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அதற்கு அண்மையில் பாலாய் பெசார் என்னும் மண்டபம் இருக்கிறது. பெரிய மண்டபம் என்பது அதன் பொருள். கெடா சுல்தான் முகமது ஜீவா 1735-இல் இதை முதன்முதலில் எழுப்பினார். 1770-இல் பூகிஸ் படையும், 1821-இல் சயாம் படையும் தாக்கியதில் அது சிதைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுல்தான் அப்துல் ஹமீத் காலத்தில் திரும்பக் கட்டப்பட்ட மண்டபத்தையே இன்று காண்கிறோம்.

அங்கே வரிசை வரிசையாகத் தூண்கள் நிற்கும். கூரையைத் தாங்கச் சுவர் கிடையாது. கூரையின் பாரம் உத்தரத்தில் இறங்கி, உத்தரத்திலிருந்து தூணில் இறங்கி, தரையைச் சேருகிறது. மரச்சட்டக் கட்டடத்தின் சூத்திரம் இதுதான். தூண் சுமக்கும், சுவர் வெயிலையும் மழையையும் மறைக்கும்.

மலாய்க் கம்பத்து வீடும் இப்படித்தான். ஒரு மரத்தில் துளையிட்டு, மற்றொன்றின் நாக்கை அதில் நுழைத்து, மர ஆணியால் இறுக்குவார்கள். சட்டம் ஒரே உடம்பாக நிற்பதால், ஊரார் கூடி வீட்டையே தோளில் தூக்கி வேறிடத்தில் வைக்கும் வழக்கமும் கெடாவில் உண்டு.

கடல் கடந்த இங்கிலாந்திலும் இதே வித்தையைக் காணலாம். அங்குள்ள பழைய சத்திரங்களும் மதுச்சாலைகளும் ஓக் மரச் சட்டத்தால் ஆனவை. இடைவெளிகளை மிலாறு பின்னிக் களிமண் பூசி அடைத்தார்கள். எந்த மரம் எதனோடு சேரும் என்று தச்சர் உளியால் குறியிட்டார்கள். இலண்டனில் ஜார்ஜ் சத்திரம் 1676-இல் தீயில் எரிந்து, 1677-இல் மீண்டும் எழுந்தது. 1889-இல் இரயில்வேக்காக அதன் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். ஆயினும் எஞ்சிய பகுதி இன்றும் உறுதியாக நிற்கிறது.

நேயர்களே, நம்மில் சிலர் இன்னும் பலகை வீட்டில் வாழ்கிறோம். வேலை ஓய்வுக்குப் பின் கம்பத்தில் பழைய வீடு வாங்கியவர்களும் உண்டு. பிள்ளைக்குக் கல்யாணம் என்றதும் கூடத்தைப் பெரிதாக்க நினைப்போம். பலகைச் சுவரைப் பெயர்க்கலாம், குற்றமில்லை. ஆனால் நடுத்தூணை அறுத்தால், அது சுமந்த பாரம் பக்கத்துத் தூண்களின் மேல் விழும். சாய்வுக் கட்டையைக் கழற்றினால், பெருங்காற்றில் வீடு ஒருபக்கம் சரியும். ஆகவே, ரம்பம் எடுக்குமுன் அனுபவமுள்ள தச்சரை அழைத்துக் காட்டுங்கள்.

தூணின் அடியையும் அடிக்கடி பாருங்கள். ஈர மண் தூணைத் தொட்டால் மரம் உளுக்கும், கறையானும் ஏறும். அதனால்தான் அக்காலத்தார் தூணுக்கு அடியில் கல் வைத்தார்கள். ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் தாமதிக்காதீர்கள். கூரைக்குக் கீழே நம் பிள்ளைகள் உறங்குகிறார்கள்.