மாற்றிய அமைப்பு மீண்டும் மாறுவது ஏன்?
நகர சபை நூலகத்தில் மூத்தோருக்கான கணினி உதவி வகுப்பில் ஆற்றிய உரை



நமது வகுப்புக்கு வரும் ஓர் அம்மையாரின் அனுபவத்திலிருந்து தொடங்குகிறேன். அவர் மருத்துவருடன் காணொளி வழியே பேசுவதற்கு நேரம் பெற்றிருந்தார். இணையத்தின் காத்திருப்பு அறையில் நுழைந்து, மருத்துவர் வரும்வரை அமர்ந்திருந்தார். சிறிது நேரத்தில் திரை இருண்டது, கணினி உறங்கிவிட்டது. அதை எழுப்பிக் கடவுச்சொல்லை இட்டு உள்ளே செல்வதற்குள் மருத்துவர் அழைத்துப் பார்த்துவிட்டு அடுத்த நோயாளியிடம் சென்றுவிட்டார். மீண்டும் நேரம் கிடைக்க மூன்று வாரங்கள் ஆயின.

“கணினி உறங்கக் கூடாது என்று நான் மூன்று முறை மாற்றி வைத்தேன். அது தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது” என்று அவர் வருந்தினார். இவ்வாறு கூறுவோர் பலர் இருப்பதால், இதனையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்துங்கள். கணினி காரணமின்றி எதையும் மாற்றுவதில்லை. நாம் எழுதி வைத்ததன்மேல் வேறொன்று எழுதுகிறது, அல்லது நாம் மாற்றியது வேறோர் அமைப்பை. எப்போது மாறுகிறது என்பதைக் கவனித்தால், ஏன் மாறுகிறது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

மின்கம்பியைக் கழற்றியதும் மாறுகிறதா? அந்த அம்மையாருக்கு நேர்ந்தது இதுவே. மடிக்கணினியில் உறக்க நேரம் இரண்டு இடங்களில் தனித்தனியே பதிவாகிறது: மின்சாரத்தில் இணைத்திருக்கும்போது ஒன்று, மின்கலத்தில் இயங்கும்போது மற்றொன்று. அவர் உணவு மேசையில் மின்கம்பியை இணைத்தபடி முதலாவதை மட்டும் மாற்றினார். பின்னர் அமைதி வேண்டிக் கணினியைப் படுக்கையறைக்கு எடுத்துச் சென்றார். அங்கே இரண்டாவது அமைப்பு நடைமுறைக்கு வந்தது.

விண்டோஸ் 11 கணினியில் இதைச் சரிபார்க்க, ‘செட்டிங்ஸ்’ பகுதியைத் திறந்து, ‘சிஸ்டம்’, அதன்பின் ‘பவர் அண்ட் பேட்டரி’ என்பவற்றைத் தெரிவு செய்யுங்கள். அங்கே ‘ஸ்கிரீன்’, ‘ஸ்லீப்’ என்னும் சொற்களுடன் தொடங்கும் வரியைத் திறந்தால் இரு நிலைகளுக்குமான நேரங்களையும் காணலாம். திரை அணைவதும் கணினி உறங்குவதும் வெவ்வேறு என்பதால் இரண்டையும் பாருங்கள்.

மின்கலம் குறையும்போது மாறுகிறதா? அப்படியானால் மின்சேமிப்பு முறை தானாகவே இயங்கத் தொடங்கியிருக்கலாம். அது திரையின் ஒளியைக் குறைக்கும். பின்னணி வேலைகளையும் கட்டுப்படுத்தும். மின்கம்பியை இணைத்துச் சிறிது நேரம் மின்னேற்றினால் பழைய நிலை திரும்பும். இது பழுதன்று.

கணினியை மறுபடி தொடங்கியதும் மாறுகிறதா? பல மடிக்கணினிகளில், தயாரித்த நிறுவனமே மின்சார மேலாண்மைக்கெனத் தனியொரு செயலியை நிறுவியிருக்கும். ‘அமைதி’, ‘சமநிலை’, ‘வேகம்’ என்பன போன்ற தெரிவுகள் அதில் இருக்கும். விண்டோஸில் நாம் செய்த மாற்றத்தை அச்செயலி தன் விருப்பத்துக்கேற்ப மீண்டும் மாற்றக்கூடும். எனவே அச்செயலியைத் திறந்து, மாற்றத்தை அங்கேயே செய்யுங்கள்.

பெரிய இற்றைப்படுத்தலுக்குப் பிறகு மாறியதா? சில வேளைகளில் இற்றைப்படுத்தல் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுசெல்வதுண்டு. ஒருமுறை மீண்டும் மாற்றினால் போதும்.

தெரிவுகள் மங்கலாகி, மாற்றவே இயலாதபடி இருக்கின்றனவா? சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்னும் பொருளில் ஆங்கில வாசகம் தோன்றுகிறதா? அப்படியானால் அது மகனோ மகளோ பணியிடத்திலிருந்து கொண்டுவந்த கணினியாக இருக்கலாம். பள்ளி வழங்கிய கணினியாகவும் இருக்கலாம். பாதுகாப்பு கருதி அந்நிறுவனம் விதித்த கட்டுப்பாட்டை நாம் மீற முயலக் கூடாது. மருத்துவச் சந்திப்புக்கு வேறு கணினியையோ கைபேசியையோ பயன்படுத்துங்கள்.

பழைய கணினியில் தேதியும் நேரமும்கூடத் தவறாகக் காட்டுகின்றனவா? உள்ளே இருக்கும் நாணய வடிவச் சிறு மின்கலம் தீர்ந்திருக்கலாம். அதனை மாற்ற அதிகச் செலவாகாது. ஆனால் பழக்கமுள்ளவரிடம் கொடுத்து மாற்றுவது நல்லது.

இவற்றுள் எதுவெனத் தெரியாவிட்டால், ஒரு தாளை எடுத்து, மாற்றிய நாள், மாற்றிய அமைப்பு, அது திரும்பிய வேளை ஆகிய மூன்றையும் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலவற்றை ஒருசேர மாற்றினால் எது பயன் தந்தது என்று அறிய இயலாது.

உறக்கத்தை முற்றிலும் நிறுத்துமாறு நான் அறிவுறுத்தமாட்டேன். உறங்காத மடிக்கணினியைப் பையில் இட்டால் அது சூடாகும், மின்கலமும் வீணாகும். முக்கியமான சந்திப்பு உள்ள நாளில் உறக்க நேரத்தை இரண்டு மணி என வைத்தால் போதும். பிறகு மாற்ற மறந்தாலும் கணினி தானே உறங்கும். அத்துடன் காத்திருக்கும் வேளையில் மின்கம்பியை இணைத்து வையுங்கள். காணொளி உரையாடல் தொடங்கிய பின் கணினி உறங்காதபடி அச்செயலிகள் பொதுவாகப் பார்த்துக்கொள்ளும். ஆனால் காத்திருப்பு அறையில் அந்தக் காப்பு எப்போதும் இருப்பதில்லை. ஆகவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை சுட்டியைச் சற்று அசையுங்கள்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இத்தகைய சிறு தொல்லைகளுக்குத் தீர்வு தேடும்போது, ‘உங்கள் கணினி பழுதாகிவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரையில் செய்தி தோன்றலாம். அழைக்காதீர்கள். தொலைவிலிருந்து கணினியை இயக்க முன்பின் அறியாத எவருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். வங்கி விவரங்களைச் சொல்லாதீர்கள். நான் இன்று கூறிய எந்தத் திருத்தத்துக்கும் மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். முதலில் வங்கிக்கும், பின்னர் ஸ்கேம்வாட்ச் இணையதளத்துக்கும் தெரிவியுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் 131 450 என்னும் எண்ணில் தேசிய மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கோரலாம்.

அந்த அம்மையார் அடுத்த சந்திப்புக்கு முதல்நாளே இரு நேரங்களையும் சரிபார்த்து, மின்கம்பியையும் இணைத்துக்கொண்டு அமர்ந்தார். மருத்துவர் இருபது நிமிடம் தாமதமாக வந்தார். திரை இருளவில்லை.

அடுத்த வகுப்புக்கு வரும்போது உங்கள் மடிக்கணினியுடன் அதன் மின்கம்பியையும், நீங்கள் குறித்து வைத்த தாளையும் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.