இதயம் காக்கும் எளிய பழக்கங்கள்



தாராபுரம், மூலனூர் பக்கம் முருங்கைக்குச் சொட்டுநீர் போட்டிருப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். உப்புத் தண்ணீர் ஓடினால் குழாய்க்குள் உப்புப் படிந்து, கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொள்ளும். மோட்டார் ஓடும், கடைசி மரத்துக்குத் தண்ணீர் போய்ச் சேராது. மரம் வாடிய பிறகுதான் அடைப்பே தெரியும்.

நம் நெஞ்சுக்குள்ளும் இதே கதைதான். இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. அந்த இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் உண்டு. அவற்றில் கொழுப்புப் படிந்து, அதன்மேல் ரத்தம் உறைந்து அடைத்தால் அதுதான் மாரடைப்பு. சொட்டுக் குழாயை ஆசிட் விட்டுக் கழுவலாம். ரத்தக் குழாயை அப்படிக் கழுவ முடியாது. படியாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

"ஏனுங்க, காட்டுல பாடுபடுற எங்களுக்கு ஏனுங்க மாரடைப்பு?" என்று கேட்பீர்கள். அன்று கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தோம். சந்தைக்கு நடந்தோம். கம்மஞ்சோறும் கொள்ளுப் பருப்பும் சாப்பிட்டோம். இன்று பட்டனை அமுக்கினால் தண்ணீர், உழவுக்கு டிராக்டர், கூப்பிடு தூரத்துக்கும் மொபெட். பிள்ளைகள் விடியுமுன் வண்டி ஏறித் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய், ஒன்றரை ஷிப்டு உட்கார்ந்தே தைக்கிறார்கள். உழைப்பு குறைந்தது, தட்டில் சோறு குறையவில்லை.

முதலாவது, நடை. தினம் அரை மணி, வாரத்தில் 5 நாளாவது, மூச்சு சற்று வாங்கும்படி வேகமாக நடங்கள். தோட்டத்து வரப்பே போதும்.

இரண்டாவது, உப்பு. ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கவேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

மூன்றாவது, எண்ணெய். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும். பஜ்ஜி சுட்ட எண்ணெயையே மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள். அரிசியைக் குறைத்து, கம்பு, ராகி, பயறு, கீரை சேருங்கள். நம் முருங்கைக்கீரை சந்தைக்கு மட்டுந்தானா? நம் வீட்டுக்கும் கொஞ்சம் இருக்கட்டும்.

நான்காவது, பீடி, சிகரெட், புகையிலை. இதில் குறைப்பது என்ற பேச்சே வேண்டாம்; விட்டுவிட வேண்டியதுதான். புகையை விட்ட ஒரே வருஷத்தில், அதனால் வந்த மாரடைப்பு ஆபத்து ஏறக்குறையப் பாதியாகிறது.

ஐந்தாவதுதான் முக்கியம். ரத்தக்கொதிப்பு வலிக்காது, பார்த்தால்தான் தெரியும். 30 வயதைத் தாண்டியவர்கள் வருஷம் ஒரு தடவையாவது கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். 140க்கு 90 என்ற அளவை எட்டினால் டாக்டரைப் பாருங்கள். "இப்பத்தான் நல்லா இருக்கே" என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். நல்லா இருப்பதே மாத்திரையால்தான்! 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி மாத்திரை வருகிறது. வாங்கி அலமாரியில் வைத்தால் போதாது, சாப்பிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. நெஞ்சை அழுத்தி, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவி, வியர்த்துக் கொட்டினால், "வாயுவா இருக்கும், ஒரு சோடா குடிச்சாச் சரியாப்போகும்" என்று படுக்காதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் வலியே இல்லாமல், மூச்சுத் திணறலும் அசதியுமாகக்கூட வரலாம். வெள்ளாமைக்குக் கடைசித் தண்ணி மாதிரி இங்கே ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. வண்டியை நீங்களே ஓட்டாமல் 108ஐக் கூப்பிடுங்கள். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் முதல் வேளை மாத்திரை கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

மோட்டார் காயில் போனால் வேறு கட்டிக்கொள்ளலாம். இந்த மோட்டார் ஒன்றே ஒன்றுதான்.